ஒரே மூச்சில்

கபடிக்கு ஒரு மூச்சு வேண்டும். கோட்டைத் தாண்டி, ரெண்டு பேரையாவது தொட்டு, பாட்டை விடாமல் திரும்பி வருகிற மூச்சு. பனங்காணிக்கும் கிணற்றடிக்கும் ஏங்கி ஓய்ந்த எனக்கு, இப்போது ஏக்கமெல்லாம் அதன்மேல்தான். யாழ்ப்பாணத்திலிருந்து பாரிஸ் வரை பழுதில்லாமல் வந்த மூச்சு, 2020 மார்ச் 17 இல் கொரோனாவால் பிரான்ஸ் கதவடைத்த பிறகு, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில் போனது.

கொரோனா நெகட்டிவ் என்று துண்டு தந்து வீட்டுக்கு விட்டார்கள். நுரையீரலில் விழுந்த தழும்பும் கூடவே வந்தது. காற்றறையின் மெல்லிய சுவர் தடித்துவிட்டால், எவ்வளவு இழுத்தாலும் ஒட்சிசன் இரத்தத்துக்குள் சரியாக இறங்காது. கதிரையில் இருக்கும்போது விரலில் மாட்டும் கருவி ஒட்சிசன் அளவை 96 வீதமென்று காட்டும். ஆறு நிமிடம் நடக்கவிட்டால் 88க்கு விழும். நான் தனியாளில்லை. பாரிசுக்குத் தெற்கே பிசெத்ர் ஆஸ்பத்திரியில், கொரோனாவோடு கிடந்து வீடு திரும்பிய 478 பேரை நாலு மாதம் கழித்து விசாரித்தார்கள். பாதிப் பேருக்கு முன்பில்லாத ஏதோவொரு தொல்லை. ஸ்கான் எடுத்த 171 பேரில் 33 பேருக்குத் தழும்பு.

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இரண்டாம் இலக்க மெத்ரோ தெருவுக்கு மேலே ஓடுகிறது. முருங்கைக்காயும் கத்தரிக்காயும் நிறைந்த பைகளை இரு கையிலும் தூக்கிக்கொண்டு, கதை பேசியபடியே அந்த மெத்ரோப் படியேறியவன் நான். இப்போது பாதிப் படியில் கம்பியைப் பிடித்து, போன் பார்க்கிறவன்போல நிற்கிறேன். தெரிந்தவர்கள் "என்ன அண்ணை, மெசேஜோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அங்குள்ள மாணிக்கப் பிள்ளையார் கோயில் தேர் வீதிக்கு வந்தால் வடம் பிடிக்க முந்திய கை, இப்போது தேங்காய் உடைக்கிற இடத்தில் ஓரமாகக் கும்பிடுகிறது. "அரோகரா" முழுதாய் வருவதில்லை.

மூச்சை மூக்கால் எடுத்து, உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லித்தருகிறா கீனே (இயன்முறை மருத்துவர்). செய்யச் செய்யக் கொஞ்சம் சுகம்.

வருத்தம் மாறி மூன்று மாதமாகியும் படியேற இளைத்தால், வயது, குளிர் என்று தட்டிக்கழிக்காதீர்கள். குடும்ப வைத்தியரிடம் போங்கள். இருந்தபடி எடுத்த அளவோடு விடாமல், நடக்கவிட்டு அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.