மூடிய கதவும் திறந்த வீடுகளும்

'முதல் பட்டதாரி' என்னும் சொல் நம் கல்லூரிக்குப் புதிதன்று. சேர்க்கையின்போது அந்தச் சான்றிதழை நீட்டியவர்களுள் நானும் ஒருவன். கடல் கடந்த அமெரிக்காவிலும் நம்மைப் போன்ற மாணவர் உண்டு. மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார் முதலிய நாடுகளிலிருந்து குடியேறிய லத்தீனோ குடும்பங்களின் பிள்ளைகள் அவர்களுள் மிகப் பலர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு மக்களுள் ஏறத்தாழ 19 விழுக்காட்டினர் லத்தீனோக்களே. கொரோனாப் பெருந்தொற்று அம்மாணவரை எப்படி வாட்டியது என்று படித்தபோது, ஏதோ உறவினர் வீட்டுச் செய்தியைக் கேட்பது போலவே எனக்கு இருந்தது.

2020 மார்ச்சில் அங்கே கல்லூரிகள் மூடப்பட்டன. பாடங்கள் இணையத்துக்கு மாறின. ஆணை எல்லார்க்கும் ஒன்றே. ஆனால் மாணவர் திரும்பிச் சென்ற வீடுகள் ஒன்றா? தனியறையும் தடையற்ற இணையமும் உள்ளவர்க்கு இடம் மட்டுமே மாறியது. நெருக்கடியான வீட்டுக்குத் திரும்பியவர்க்கோ நூலகம் போயிற்று, கல்லூரிக் கணிப்பொறி போயிற்று, அமைதியும் போயிற்று.

அவர்தம் பெற்றோருள் பலர் உணவு விடுதிகளிலும், தோட்டங்களிலும், இறைச்சி ஆலைகளிலும் உழைப்பவர்கள். விடுதிகள் மூடியதும் பலர் வேலை இழந்தனர். தோட்டமும் ஆலையும் இன்றியமையாப் பணிகள் எனப்பட்டதால், மற்றவர் நோய்க்கு நடுவே வேலைக்குப் போயினர். வீட்டிலிருந்த பிள்ளை தம்பி தங்கையர்க்கு ஆசிரியரானான். ஆங்கிலம் அறியாத தாய்க்காக மருத்துவரிடம் பேசினான். வாடகைக்காகக் கடையிலும் நின்றான். இத்தனைக்கும் இடையில் வகுப்பு! திரையில் முகம் காட்டாதவனை அக்கறையற்றவன் என்று சொல்லிவிடுவது எளிது; அவன் எங்கே அமர்ந்திருந்தான் என்று கேட்பதுதான் அரிது.

அரசின் உதவியும் எல்லாரையும் எட்டவில்லை. 2020 மார்ச்சில் வந்த கேர்ஸ் சட்டம் உயர்கல்விக்கு ஏறத்தாழ 1,400 கோடி டாலர் ஒதுக்கியது. ஆயினும் உரிய குடியேற்ற ஆவணமில்லாத மாணவர்க்கு அவசர உதவித்தொகை இல்லை என்றது கல்வித்துறை. 2021 மே மாதத்தில்தான் அவ்விதி தளர்ந்தது. இதற்கிடையே, ஏழை மாணவர் மிகுதியாகச் சேரும் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரிகளில் புதிய சேர்க்கை பெரிதும் சரிந்திருந்தது.

குடும்பம் அம்மாணவர்க்குச் சுமையாயிற்று என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. உதவித்தொகைப் படிவத்தில் பெற்றோரின் வருமானத்தை அவர்களே எழுதினார்கள். என் தந்தையின் வருமானச் சான்றுக்கு மனு எழுதியவனும் நான்தான். முதல் பட்டதாரி வீட்டின் எழுத்தராகவும் தூதுவனாகவும் இருந்துகொண்டே படிக்கிறான். அவன் படிப்பது வீட்டுக்காகவுமே.

அத்தகையவனுக்குக் கல்லூரி தருவது பாடம் மட்டுமா? ஒரு மேசை, ஒரு விளக்கு, யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம்! பெருந்தொற்று முதலில் பறித்தது இதைத்தான். நண்பர்களே, நம் நூலகத்தின் கதவு மாலையில் இன்னும் ஒரு மணி நேரம் திறந்திருந்தால், அதன் அருமை அறிந்தவர் நம்மிடையே எத்தனை பேர் என்பது புலப்படும். பேராசிரியப் பெருமக்கள் இதனைக் கருத வேண்டுகிறேன்.