தம்பியின் கமராவில் இருந்த கடல்

ஜூன் 11, 2024

தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காலையில் சிலிண்டரோடு கடலட்டை பிடிக்கப் போனவன், மத்தியானம் படகில் ஏறியதும் தோள்மூட்டு உளையுது என்றிருக்கிறான். கரைக்கு வருமுன்னமே கால் இரண்டும் விழுந்துவிட்டன. முல்லைத்தீவு ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் பூட்டி, உடனே திருகோணமலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொக்கிளாய் முகத்துவாரத்தைக் கடக்கப் பாலம் இல்லை. வவுனியாவைச் சுற்றி ஓடுகிறோம். அம்புலன்சுக்குள் இருந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் கத்திவிடுவேன்.

ஜூன் 12

அமுக்க அறை இருப்பது கடற்படை முகாமுக்குள். வாசலில் அடையாள அட்டையை நீட்டும்போது அம்மாவின் கை நடுங்கியது. 2009இல் போர் முடிந்த பிறகு சீருடை போட்டவர்களிடம் அவர் தானாக நடந்துபோய் எதையும் கேட்டதில்லை. இன்றைக்குக் கேட்டார், கையெடுத்துக் கும்பிட்டு. மருத்துவப் பிரிவில் நின்ற பெடியன் ஒருவன் "பயப்பட வேண்டாம் அம்மா" என்று தமிழில் சொன்னான். அம்மா அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரும்பு உருளை, தடித்த கண்ணாடி வட்டம். உள்ளே 18 மீற்றர் ஆழத்தில் இருப்பதற்குச் சமமாக அமுக்கத்தைக் கூட்டி, ஒட்சிசனைச் சுவாசிக்கவிட்டு, மணிக்கணக்காக மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். பத்து மீற்றர் இறங்க ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். முப்பது மீற்றரில் மேலே இருப்பதன் நாலு மடங்கு. அந்த அமுக்கத்தில் நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைந்து நிற்கும். கெதியாக மேலே வந்தால் குமிழியாகும். முள்ளந்தண்டு நாணில் குமிழி நின்றால் கால் போகும். 1870களில் நியூயோர்க்கில் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றின் அடியில் அத்திவாரம் தோண்டிய கூலிகளுக்கு வந்ததும் இதே நோய். அதன் பொறியியலாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872இல் விழுந்தார். எங்கெங்கே தரித்து மேலே வரவேண்டும் என்ற அட்டவணையை ஜோன் ஸ்கொட் ஹோல்டேன் 1908இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு நூறு வருசத்துக்கு மேலே போய்விட்டது. தம்பியின் வாடியில் ஒருவரும் அதைக் கண்டதில்லை.

ஜூன் 13

வலது பெருவிரல் அசைந்தது.

ஜூன் 20

வீட்டுக்கு வந்துவிட்டோம். வலது கால் ஊன்றுகிறான், இடது கால் இழுபடுகிறது. அவனுடைய பையில் ஒரு கமரா இருந்தது. தண்ணீருக்குள் படம் எடுக்கும் சின்னக் கமரா, யாரிடமோ பழசாக வாங்கியது. அம்மா அதைக் கண்டதும், "இதுதான் பிள்ளையைக் கீழே மறிச்சு வைச்சது, கிணத்துக்குள்ள போடு" என்றார். 2004இல் கடல் ஊருக்குள் வந்தபோது அம்மா தன் தங்கச்சியைக் கொடுத்தவர். அவரோடு எதிர்வாதம் செய்ய எனக்கு வாய் வராது. கமராவை என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். எனக்கும் அதன்மேல் கோபம்தான்.

ஜூன் 23

பூட்டு மூன்று நாளுக்குமேல் தாங்கவில்லை. இரவு கணினியில் போட்டுப் பார்த்தேன்.

முதலில் வந்த படங்கள் எல்லாம் ஒரே நீலம். தண்ணீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் குடித்துவிடும். சில மீற்றர் இறங்கினாலே சிவப்பு மண்ணிறமாகி, பிறகு கறுத்துப்போகும். பிந்திய படங்களில் லைற் அடித்து எடுத்திருக்கிறான். அங்கே முருகைக்கல் திடீரென்று செம்மஞ்சளாக நிற்கிறது. கல்லிடுக்கில் வாய் திறந்தபடி ஓர் அஞ்சாலை. கறுப்பு உடம்பில் நீல மேடுகளும் மஞ்சள் குமிழ்களுமாக ஓடில்லாத கடல்நத்தை ஒன்று: பிலிடியா வரிகோசா என்று பிடித்தேன். தொட்டதும் வெள்ளை நூல் நூலாகக் கக்கும் அட்டை. உயிரியல் படிப்பிக்கிறேன், முட்தோலிகளைப் படம் கீறிக் காட்டுகிறேன். மணலை விழுங்கி, அதில் உள்ள அழுகலைத் தின்று, சுத்தமான மணலை வெளியே விடும், குதத்தால் சுவாசிக்கும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்த பிராணியை அதன் வீட்டில் வைத்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எங்கள் ஊர்க் கடலின் அடி இது. அட்டைக்காரரைத் தவிர வேறு யார் அங்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள்?

ஜூலை 4

இன்றைக்கு அவன் ஒருவரோடும் பேசவில்லை. சோற்றையும் தள்ளிவிட்டான்.

ஜூலை 14

ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிந்திருக்கிறது. அவன் விழுந்த நாளின் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் படங்கள், பிறகு வெற்றிடம், பிறகு படங்கள். வெற்றிடங்கள்தான் அவன் படகில் இருந்த நேரம். முதலாவது நீளம், அடுத்தது குறைவு, அதற்கடுத்தது சிலிண்டர் மாற்ற மட்டுமே போதும்போல. உடம்பில் மிஞ்சிய நைதரசன் வெளியேற நேரமே இல்லை. மத்தியானம்வரை இறங்கியவனிடம் பத்தரைக்குப் பிறகு படமே இல்லை. அவன் கரைக்கு வந்தது ஒன்றரைக்கு.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த நேரங்களைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார்.

ஜூலை 28

மே மாதப் படங்களில் சில இடங்களில் முருகைக்கல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. தண்ணீர் சூடேறினால், அதற்கு நிறமும் உணவும் கொடுக்கும் பாசியை முருகை உயிரி வெளியே தள்ளிவிடும். கனநாள் அப்படி இருந்தால் சாகும். 1998இல் இலங்கையின் முருகைக்கல் பார்கள் பல இப்படித்தான் அழிந்தன. இந்த ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளிறல் நடக்கிறது என்று அமெரிக்காவின் நோவா நிறுவனம் அறிவித்தது. அந்த அறிவிப்பில் எங்கள் பார் ஒரு புள்ளியாகவாவது இருந்திருக்குமா? அங்கே சாட்சியாக நின்றவன் இடது காலைத் தூக்கப் பழகிக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 9

அன்னாசி அட்டையின் முதுகில் செம்மஞ்சள் சிற்றிறால் ஒன்று நிற்கும் படத்தை அவனிடம் காட்டினேன். படுத்திருந்தவன் எழும்பி இருந்தான்.

"லைற் அடிக்கும்வரை அது அந்த நிறமெண்டு எனக்குத் தெரியாது அக்கா. அட்டை எங்க போனாலும் அதுவும் கூடப் போகும்."

"அந்த அட்டையை எடுத்தனியோ?"

"எடுக்கேல்ல."

"நல்ல விலை போயிருக்குமே?"

"போயிருக்கும்."

அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 17

படகுக்காரர் வந்துபோனார். வாடைக்காற்று தொடங்குமுன் தொழில் பார்க்க ஆள் வேண்டுமாம். தம்பிக்குப் பதிலாகப் பக்கத்து ஒழுங்கைப் பெடியனைக் கேட்டிருக்கிறார். என்னிடம் படித்த பிள்ளை. வீட்டுக் கடன் அவன் தலையில். போகாதே என்று எப்படிச் சொல்வேன், அந்தக் கடனை நான் கட்டுவேனா? ஹோல்டேனின் வழிவந்த அட்டவணை ஒன்றைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன்: எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம், எங்கே தரிக்கவேண்டும், படகில் எவ்வளவு நேரம் சும்மா இருக்கவேண்டும். தம்பி அதை வாங்கி வாசித்தான். "இப்பிடி ஓடினா ஒருத்தருக்கும் நாட்கூலி கட்டாது அக்கா" என்றான். பிறகு, "கமராவையும் அவனிட்டக் குடு" என்றான். அடுக்களையில் இருந்த அம்மாவுக்குக் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

தாளுக்குப் பிளாஸ்ரிக் உறை போடவேண்டும், இல்லாவிட்டால் படகில் ஒரு நாளும் தாங்காது. நாளைக்குப் புதுக்குடியிருப்பில் கடை திறந்திருக்குமோ தெரியவில்லை.