அனுமந்தன்பட்டியில் ஒரு தைவதம்

கம்பம் பள்ளத்தாக்குக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் சுருளி அருவியையோ, மேகமலையையோ, குமுளிக்கு அப்பாலுள்ள தேக்கடியையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள். இடையிலே வருகிற ஊர்களெல்லாம் அவர்களுக்குப் பஸ் ஜன்னலில் தோன்றி மறையும் பெயர்ப் பலகைகளே. உத்தமபாளையத்தைத் தாண்டிக் கம்பத்தை நோக்கிச் செல்லும்போது வருகிற அனுமந்தன்பட்டியும் அப்படிப்பட்ட ஒரு பெயர்ப் பலகைதான். நாமும் பல தடவை அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போயிருக்கிறோம். இந்தத் தடவை அங்கே இறங்கியதற்குக் காரணம் அருவியும் அன்று, மலையும் அன்று. ஒரு மவுத் ஆர்கன்.

அந்த ஊரில் பெரியவர் ஒருவர் இருக்கிறார், கடையில் வாங்கிய மவுத் ஆர்கனைப் பிரித்து அதன் ஸ்வரங்களையே மாற்றிவிடுகிறார் என்று நம் பள்ளிக்கூடத்துச் சகா ஒருவர் சொன்னார். ஸ்வரத்தை மாற்றுவதாவது! வீணைக்கு மெட்டு வைப்பதும் மிருதங்கத்துக்கு ரவை வைப்பதும் நாம் அறிந்தவை. தொழிற்சாலையில் வார்த்து மூடி அனுப்பிய ஒரு விளையாட்டுச் சாமானை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திருத்துவது எப்படி? ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சகாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

மதுரையிலிருந்து வரும் ரயில் தேனியைத் தொட்டதும் போடிநாயக்கனூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆகையால் தெற்கே போகிறவர்களுக்குப் பஸ்தான் கதி. அது ஒன்றும் குறையல்ல. மேற்கே ஏல மலைகளும் கிழக்கே மேகமலையும் இரண்டு மதில்களைப்போல் கூடவே வருகின்றன. 1895-இல் கட்டி முடிந்த பெரியாற்று அணையின் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி, வைகையைச் சேருமுன் முதலில் நனைக்கும் பூமி இதுதான். நெல் வயலுக்கு அடுத்தாற்போல் தென்னந்தோப்பு. தென்னந்தோப்புக்கு அடுத்தாற்போல் பந்தலில் தொங்கும் பன்னீர் திராட்சை. வருஷம் முழுவதும் காய்க்கும் இந்தத் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆடிக் காற்றோ சொல்லத் தரமன்று. பஸ்ஸிலிருந்து இறங்கிய மாத்திரத்தில் நம் குடை மறுபக்கமாகத் திரும்பிக்கொண்டது. காற்றால் பாடும் வாத்தியத்தைத் தேடி வந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வரவேற்பு இருக்க முடியாது என்றார் சகா.

இந்தப் பள்ளத்தாக்குக்கும் பித்தளை நாக்குகளுக்கும் பழைய உறவு உண்டு. உத்தமபாளையத்திலிருந்து கோம்பை வழியாகப் போனால் பண்ணைப்புரம். அங்கே பிறந்த பாவலர் வரதராஜன் 1950-களிலும் 60-களிலும் ஹார்மோனியத்தோடு மேடை மேடையாக ஏறிப் பாடினார். 1958-இல் தேவிகுளம் இடைத் தேர்தலின்போது மலையேறிப் போய்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நடுவே பாடியதை இன்றும் சொல்லுகிறார்கள். அவருடைய இளைய சகோதரர்தான் இளையராஜா. 1943-இல் பிறந்து, பதினான்காவது வயதில் அண்ணனுடைய கோஷ்டியில் சேர்ந்தவர். அதற்கும் முந்தி நாடகக் கம்பெனிகளின் காலம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் பாலர் சபையை ஆரம்பித்த நாட்களில் ஹார்மோனியம் இல்லாத நாடகம் நாடகமாக மதிக்கப்படவில்லை. கிட்டப்பா பாடினால் அவருடைய தமையனார் காசி ஐயரின் ஹார்மோனியம் கூடவே ஓடிவரும் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அப்படி நாடெங்கும் பரவிய வாத்தியத்தை அகில இந்திய ரேடியோ 1940 மார்ச்சு முதல் தேதி தன் நிலையங்களிலிருந்து விலக்கிவிட்டது. தாகூரும் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதைக் கண்டித்து எழுதியிருந்தார். ஹார்மோனியத்தின் பன்னிரண்டு ஸ்வரங்களும் சமமாக வெட்டிவைத்த படிக்கட்டுகள். நம் சங்கீதத்தின் நுட்பமான சுருதிகளும் கமகங்களும் அதில் அடங்கா என்பது குற்றச்சாட்டு. 1971 வரையில் அந்தத் தடை நீடித்தது. பிறகும் நிபந்தனைகளோடுதான் தளர்ந்தது. குற்றச்சாட்டு பொய்யன்று என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் படிக்கட்டை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியுமா என்று தடை போட்டவர்கள் எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அனுமந்தன்பட்டிப் பெரியவர் யோசித்திருக்கிறார்.

அவருக்கு எழுபதைத் தாண்டிய வயது. தகப்பனார் நாடகங்களுக்கு ஹார்மோனியம் வாசித்தவர். இவர் மோட்டார் சைக்கிள் மெக்கானிக்காகக் காலம் தள்ளி, இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஆயுதங்களை நாம் திண்ணையிலே பார்த்தோம்: நகைத் தொழிலாளர் வைத்திருப்பதுபோன்ற மெல்லிய அரம் ஒன்று, சிறு திருப்புளிகள் இரண்டு, சவரப் பிளேடு, தையல் ஊசி, கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டிய உப்புத்தாள், கொஞ்சம் தேன்மெழுகு, மெக்கானிக் காலத்துப் பீலர் கேஜ். பீலர் கேஜ் என்பது விசிறிபோல் விரியும் மெல்லிய உருக்குத் தகடுகள். எஞ்சினில் இடைவெளி அளப்பதற்கு ஏற்பட்டவை. இவ்வளவும் ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பாவுக்குள் அடங்கிவிட்டன.

ஒரு மவுத் ஆர்கனை எடுத்து நாலு திருகாணிகளைக் கழற்றினார். மேல் மூடியும் கீழ் மூடியும் போயின. உள்ளே இரண்டு பித்தளைத் தகடுகள். நடுவில் சீப்புபோல் பல் வெட்டிய கட்டை. ஒவ்வொரு தகட்டிலும் பத்துப் பித்தளை நாக்குகள். ஹார்மோனியக்காரர்கள் ரீடு என்பது இதைத்தான். ஒரு முனை இறுக்கப்பட்டு, மறுமுனை தன் அளவுக்கே வெட்டிய சந்துக்குள் தடையின்றி ஆடுகிறது. மேல் தகட்டு நாக்குகள் ஊதினால் பேசும். கீழ்த் தகட்டு நாக்குகள் உறிஞ்சினால் பேசும். இப்படித் தடையின்றி ஆடும் நாக்கைச் சீன தேசத்தார் தங்கள் ‘ஷெங்’ வாத்தியத்தில் வெகு காலத்துக்கு முன்பே வைத்திருந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. அந்த நாக்கிலிருந்து அங்கே ஹார்மோனியமும் மவுத் ஆர்கனும் பிறந்தன. 1857-இல் ஜெர்மனியின் டிராஸிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரத் தொழிலாளி வீட்டிலே மவுத் ஆர்கன் செய்ய ஆரம்பித்தார். முதல் வருஷத்தில் செய்தவை 650. பிற்பாடு அவருடைய பெயர் உலகமெங்கும் போயிற்று. வீட்டில் பிறந்த சாமானை வீட்டிலே திருத்துவதில் ஆச்சரியம் என்ன என்று அப்போதுதான் நமக்குத் தோன்றியது.

“சார், இதுல ஒரு தைவதத்தைக் காணோம், கவனிச்சீங்களா?” என்றார் பெரியவர்.

பத்துத் துவாரமுள்ள சாதாரண மவுத் ஆர்கனில் நடு ஸ்தாயியில்தான் ஏழு ஸ்வரங்களும் முழுமையாக இருக்கின்றன. நாலாவது துவாரத்தை ஊதினால் ஸட்ஜம். அதிலிருந்து மேலே சங்கராபரணம் சரியாக ஏறும். கீழ் ஸ்தாயியிலோ மத்தியமமும் தைவதமும் இல்லை. இது செய்தவர்களின் மறதியன்று. முதல் மூன்று துவாரங்களைச் சேர்த்து ஊதினால் ஸட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் ஒன்றாக ஒலிக்கும். ஜெர்மானியக் கிராமத்தான் நாவால் துவாரங்களை மூடித் திறந்து, மேலே மெட்டும் கீழே தாளத்துக்குக் கூட்டொலியுமாகத் தனி ஆளாகவே நடன கோஷ்டியை ஆட்டிவைக்கலாம். அந்தக் கூட்டொலிக்காகவே இரண்டு ஸ்வரங்களைத் தள்ளிவிட்டார்கள். பஞ்சமம் மட்டும் இரண்டு இடத்தில் இருக்கிறது: இரண்டாவது துவாரத்தை உறிஞ்சினாலும் அதுவே, மூன்றாவதை ஊதினாலும் அதுவே.

கூட்டொலி நமக்கு எதற்கு? நமக்கு வேண்டியது ராகம். மூன்றாவது துவாரத்துப் பஞ்சமத்தை ஒரு முழு ஸ்வரம் உயர்த்தித் தைவதமாக்கிவிட்டால், ச ரி க ப த என்ற மோகனம் மூன்று ஸ்தாயியிலும் இடைவெளியின்றி ஓடும். பெரியவர் தம் காதால் கண்டுபிடித்த இதே மாற்றத்தை நியூஸிலாந்து வித்வான் பிரெண்டன் பவர் என்பவர் ஐரிஷ் மெட்டுகள் வாசிப்பதற்காகச் செய்து பிரபலமாக்கியிருக்கிறார். பெரியவரிடம் சொன்னோம். “அவருக்கும் தைவதம் வேண்டியிருந்திருக்கு” என்றார், அவ்வளவுதான். உறிஞ்சும் மூச்சை வளைத்தே அந்தத் தைவதத்தைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அமெரிக்க நீக்ரோ வித்வான்கள் அதில் கைதேர்ந்தவர்கள். ஆனால் அது பழகியவர்களின் வித்தை, குழந்தைகளுக்கு எட்டாதது.

குழந்தை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிரித்துவைத்த மவுத் ஆர்கன் பெரியவருடையதன்று. ஏழாவது வகுப்பில் படிக்கும் அவருடைய பேத்தியுடையது. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் தகப்பனார் லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க அவள் தேர்ந்துகொண்ட கும்மி மெட்டு, ஸட்ஜத்துக்குக் கீழே தைவதத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறுகிறது. அந்த ஓர் இடம் வரும்போதெல்லாம் மெட்டு நொண்டியது. பெரியவர் இதுவரை திருத்தியவையெல்லாம் மலிவான சீனச் சாமான்கள். கெட்டால் தூர எறியலாம். இதை எறிய முடியாது.

“அரம் எடுத்ததைத் திருப்பிக் குடுக்காது, தாயி. யோசிச்சுக்க.”

“யோசிச்சாச்சு, தாத்தா. நீங்க செய்யுங்க” என்றாள் அவள், திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு.

தத்துவம் எளிது. நாக்கின் நுனியைத் தேய்த்தால் கனம் குறையும், கனம் குறைந்தால் வேகமாக அதிரும், ஸ்வரம் ஏறும். வேர்ப் பக்கத்தைத் தேய்த்தால் விறைப்புக் குறையும், அதிர்வு மெதுவாகும், ஸ்வரம் இறங்கும். இவளுடைய மூன்றாவது நாக்கு விநாடிக்கு 392 தடவை அதிர்வது. அதை 440-ன் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். பெரியவர் பீலர் கேஜின் மிக மெல்லிய தகட்டை நாக்குக்கு அடியில் செருகித் தாங்கல் கொடுத்தார். பிறகு நுனியிலே, நீளவாட்டில், கோழி இறகால் தடவுவதுபோல் அரத்தை ஓட்டினார். குறுக்கே ஒரு கீறல் விழுந்தாலும் என்றைக்காவது அந்த இடத்தில் நாக்கு ஒடியுமாம். நாலு இழுப்பு, பொடியை ஊதித் தள்ளுவது, தகட்டைக் கட்டையோடு அழுத்திப் பிடித்து ஊதிப் பார்ப்பது, மறுபடி நாலு இழுப்பு. ஒரு முழு ஸ்வரம் என்பது சாமானியமான ஏற்றமன்று. அரை மணி நேரத்துக்குமேல் திண்ணையில் யாரும் பேசவில்லை.

சகா தம் கைபேசியில் சுருதி காட்டும் முள் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். பெரியவர் அதை ஒரு முறை பார்த்துவிட்டு, தகப்பனார் காலத்துச் சுருதிப் பெட்டியைப் பேத்தியிடம் கொடுத்து ஸட்ஜத்தை ஒலிக்கச் சொன்னார். இரண்டு ஒலிகள் சேர்ந்து நிற்காவிட்டால் அவற்றுக்கு நடுவே ஒரு துடிப்புக் கேட்கும். நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகி அடங்கும். 436-ல் துடிப்பு அடங்கியது. பெரியவர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். “இன்னும் கொஞ்சம் ஏறணும்” என்றார் சகா, முள்ளைப் பார்த்து. “உங்க மிஷினுக்கு ஏறணும், சார். ஸட்ஜத்தோட சேர்றதுக்கு இது போதும்” என்றார் பெரியவர். 440 என்பது சமப் படிக்கட்டின் கணக்கு; 436 என்பது ஸட்ஜத்துக்கு மூன்றுக்கு ஐந்து என்ற சுத்தமான கணக்கு. தாகூருடைய வழக்கின் ஒரு பகுதி அந்தத் திண்ணையிலே நாலு அதிர்வில் தீர்ந்துபோனதை நாம் நேரில் பார்த்தோம். கமகம் என்கிற மறு பகுதி தீரவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

மற்ற வேலைகள் சில்லறையானவை. நாக்கின் நுனிக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய நாக்கின் கனத்துக்குச் சமமாக இருக்கவேண்டும். அகன்றால் காற்று வீணாகும், குறுகினால் பலமாக ஊதும்போது நாக்கு அடைத்துக்கொள்ளும். கட்டை வளைந்திருந்தால் கண்ணாடிமேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்தலாம். மரக்கட்டையாக இருந்தால் எச்சில் ஈரத்தில் ஊதாதபடி தேன்மெழுகு பூசலாம். ஸ்வரத்தை இறக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அரத்தைத் தொடுமுன் நுனியில் ஒரு துளி மெழுகை ஒட்டிப் பரீட்சை செய்யலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாமே. வீட்டில் முயல நினைக்கும் வாசகர்கள் முதலில் மலிவான சாமான் ஒன்றில் கை பழகுவது நலம். தேய்த்த நாக்கு கைச் சூட்டில் கொஞ்சம் பொய் சொல்லும். ஓர் இரவு வைத்துவிட்டுக் காலையில் மறுபடி பார்க்கவேண்டும்.

மூடிகளை முடுக்கிக் கொடுத்ததும் பேத்தி வாசித்தாள். மெட்டு கீழே இறங்கியது, தைவதத்தில் கால் ஊன்றியது, ஏறியது. முதல் மூன்று துவாரங்களைச் சேர்த்து ஊதிக் காட்டும்படி கேட்டோம். கொஞ்சம் சோகமான ஏதோ ஒன்று ஒலித்தது. ஜெர்மானியரின் சந்தோஷக் கூட்டொலி போய்விட்டது. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கும்மியை இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை வாசித்தாள்.

பெரியவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தைவதம் சரியா நிக்குது. இப்போ காந்தாரந்தான் கொஞ்சம் ஏறிக் கேக்குது. வேர்ல ரெண்டு இழுப்பு இழுத்தா உக்காந்துரும். குடு தாயி.”

பேத்தி மவுத் ஆர்கனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். “விழா முடியட்டும், தாத்தா.”

பெரியவர் அரத்தைத் துடைத்துப் பிஸ்கோத்து டப்பாவில் போட்டார். தேனிக்குப் போகும் பஸ் காற்றை எதிர்த்துக்கொண்டு வந்து நின்றது. குடையை விரிக்காமலே ஏறிக்கொண்டோம்.