சுரங்கத்து ஊர்

இங்கிலாந்துக்கு மேற்கே, மலையும் மழையும் மிகுந்த சிறிய நாடு வேல்ஸ். அதன் தென்பகுதியில் ஒடுங்கிய பள்ளத்தாக்குகள் பல அடுத்தடுத்து அமைந்துள்ளன. ஒரு காலத்தில் அங்கே செம்மறியாடுகள் மிகுதி, மனிதர்கள் குறைவு. நிலக்கரி வெட்டும் தொழில் பெருகிய பின்னர் அந்நிலை மாறியது. வேல்ஸின் உழவூர்களிலிருந்தும் இங்கிலாந்து, அயர்லாந்து ஆகிய நாடுகளிலிருந்தும் குடும்பங்கள் வந்து குடியேறின. இத்தாலியின் பார்டி என்னும் மலையூரிலிருந்து வந்தவர்கள் தெருமுனைகளில் சிற்றுண்டிக் கடை வைத்தனர். ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக இன்று பேசப்படும் சுரங்கத்து ஊர்கள் பலவும் இவ்வாறு பிழைப்புத் தேடி வந்தவர்களால் உருவானவையே.

அவ்வூர்களில் வீடுகள் மலைச்சரிவில் வரிசையாக, ஒன்றன் சுவரை மற்றொன்று தாங்கி நின்றன. ஒரு வீட்டில் குழந்தை அழுதால் அடுத்த வீட்டிலும் கேட்கும். ஜோன்ஸ், டேவிஸ், எவன்ஸ் போன்ற சில குடும்பப் பெயர்களே எங்கும் வழங்கியதால், தொழிலைச் சேர்த்து அழைப்பது வழக்கமாயிற்று. பால் விற்பவர் 'பால் ஜோன்ஸ்' ஆனார்; ரொட்டி சுடுபவர் 'ரொட்டி ஜோன்ஸ்' ஆனார்.

மாலையில் ஆண்கள் கரிபடிந்த முகத்துடன் வீடு திரும்புவர். சுரங்க வாயிலில் குளியலறைகள் கட்டப்படாத காலம் அது. அடுப்பின் முன்னே தகரத் தொட்டியை வைத்து வெந்நீர் நிரப்புவாள் வீட்டுப் பெண். தந்தை, அண்ணன், தம்பி என ஒருவர்பின் ஒருவராகக் குளிப்பர். நீர் சுமப்பதும், காய்ச்சுவதும், கரித்தூசி படிந்த ஆடைகளைத் துவைப்பதும் பெண்களின் அன்றாட வேலைகள். சுரங்கத்தின் உழைப்பில் பாதி நிலத்தின் மேலேயே நடந்தது எனலாம்.

வேலை தொடங்கவும் முடியவும் சங்கு ஊதும். நேரமல்லாத நேரத்தில் அது ஊதினால் ஊரே நடுங்கும். பெண்கள் செய்த வேலையை அப்படியே விட்டுச் சுரங்க வாயிலுக்கு ஓடுவர். 1913ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் செங்கெனித் என்னும் ஊரில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 439 தொழிலாளர்கள் மாண்டனர். தந்தையையும் மகனையும் ஒருங்கே இழந்த வீடுகளும் அங்கு உண்டு. துயரம் ஒரு வீட்டோடு நிற்காத ஊரில் உதவியும் ஒரு வீட்டோடு நிற்பதில்லை. அண்டை வீட்டார் உணவு கொண்டு வருவர். பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு படுக்க வைத்துக்கொள்வர்.

இத்தகைய ஊர்களுள் ஒன்றான ட்ரெடீகரில் 1897ஆம் ஆண்டு பிறந்தவர் அனைரின் பெவன். தந்தை சுரங்கத் தொழிலாளி. பெவன் 13 வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்கினார். அன்றைய சிறுவர்கள் பலருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயினும், அவ்வூரில் தொழிலாளர்கள் தம் ஊதியத்தில் சிறு தொகை கொடுத்து நடத்திய படிப்பகம் ஒன்று இருந்தது. பெவன் அங்கிருந்த நூல்களை ஆர்வத்துடன் படித்தார். இளமையில் அவருக்குப் பேசும்போது நாத் தடுமாறும். ஒரு சொல் வர மறுத்தால் அதே பொருள் தரும் வேறொரு சொல்லைத் தேடி எடுப்பார். குறையை வெல்லத் தேடிய சொற்களே அவருக்குச் செல்வமாயின. பிற்காலத்தில் அவர் நாடறிந்த பேச்சாளரானார்.

அதே ஊரில் மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றும் இயங்கியது. ஊதியத்திலிருந்து ஒவ்வொருவரும் சில பென்னிகள் செலுத்தினர். நோயுற்றவர் வீட்டுக்கு மருத்துவர் வருவார், மருந்தும் கிடைக்கும். நலமாக இருந்தவரின் காசு நலிந்தவரைக் காத்தது. ஆனால், எல்லா நோய்க்கும் அங்கே தீர்வு இருக்கவில்லை. கரித்தூசியால் நுரையீரல் கெட்டு, 1925ஆம் ஆண்டு பெவனின் தந்தை இறந்தார். அந்நோய்க்கு அன்று இழப்பீடும் இல்லை.

பெவன் பின்னர் பிரிட்டனின் நலவாழ்வு அமைச்சரானார். 1948ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள், நாட்டு மக்கள் அனைவருக்கும் கட்டணமின்றி மருத்துவம் வழங்கும் தேசிய நலவாழ்வுச் சேவை தொடங்கியது. தம் ஊர் தமக்குள் செய்துகொண்டதை அவர் நாடு முழுமைக்கும் விரித்தார்.

1984-85ஆம் ஆண்டுகளின் நீண்ட வேலைநிறுத்தத்திற்குப் பின்னர் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இளைஞர்கள் வேலை தேடி வேறு நகரங்களுக்குச் சென்றனர். வந்தவர்களால் உண்டான ஊர்களிலிருந்து மீண்டும் மக்கள் புறப்பட்டனர். எனினும், பழைய பழக்கம் அற்றுப்போகவில்லை. டவர் என்னும் சுரங்கம் மூடப்பட்டபோது, அதன் தொழிலாளர்கள் 239 பேர் ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு 1995ஆம் ஆண்டு அதைத் தாமே வாங்கினர். கரி தீரும் வரை, 2008ஆம் ஆண்டு வரை, அதை நடத்தினர். சிறுவயதில் வீட்டிலும் தெருவிலும் கண்டு கற்ற பாடம் அது. உறவு என்பது ஊரோடு பிறப்பதன்று. ஒருவர் பங்கை ஒருவர் கொடுத்து உண்டாக்குவது.

சிந்தித்து எழுதுக

1. 'சுரங்கத்தின் உழைப்பில் பாதி நிலத்தின் மேலேயே நடந்தது' – இத்தொடரை விளக்குக.
2. பெவனின் சொல்வளம் பெருகியது எவ்வாறு?
3. வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தவர்கள் உங்கள் குடியிருப்பில் ஒருவருக்கொருவர் உதவிய நிகழ்ச்சி ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.