மூக்கே வழி காட்டும் ஒசாகா தெரு... ‘பச்சிங்கோ’ சுன்ஜாவின் ஊர் இதுதான்!

ஜப்பானின் ஒசாகாவில் லூப் லைன் ரயில் ஏறி, சுருஹாஷி ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். கூகுள் மேப் தேவையில்லை, மூக்கே வழி காட்டும். ஒரு பக்கம் இறைச்சி சுடும் புகை, இன்னொரு பக்கம் பூண்டும் மிளகாயும் சேர்ந்த கிம்ச்சி வாசனை. சந்தைச் சந்துகளைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால், சுமார் 500 மீட்டர் நீளத்தில் ‘கொரியா டவுன்’ தெரு.

இந்தப் பகுதியின் பழைய பெயர் இகாய்னோ. 1973-ல் முகவரிகளிலிருந்து அந்தப் பெயர் நீக்கப்பட்டது. இன்று இகுனோ வார்டு என்று தேடினால்தான் கிடைக்கும். ஆனால், உலகம் முழுக்க வாசகர்களுக்கு இது இகாய்னோதான். காரணம், மின் ஜின் லீ எழுதி 2017-ல் வெளியான ‘பச்சிங்கோ’ நாவல். 2022-ல் ஆப்பிள் டிவி பிளஸ் தொடராகவும் வந்தது. ‘மினாரி’ படத்துக்காக ஆஸ்கர் வாங்கிய யூன் யோ-ஜங்தான் அதில் வயதான சுன்ஜா.

யார் இந்த சுன்ஜா?

கொரியாவின் யோங்டோ தீவில் விடுதி நடத்தும் அம்மாவுக்கு ஒரே மகள். திருமணமானவன் என்று தெரியாமல் ஒரு பணக்காரனை நம்பிக் கர்ப்பமாகிறாள். வசதியாக வைத்துக்கொள்கிறேன் என்கிறான் அவன். சின்னவீடாக இருக்க முடியாது என்று மறுத்துவிடுகிறாள். இளம் பாதிரியார் ஐசக் அவளை மணந்து, 1933-ல் இகாய்னோவுக்கு அழைத்துவருகிறார்.

அங்கே கணவரின் அண்ணன் வீட்டில் வாழ்க்கை. பெண்கள் சம்பாதிக்கப் போகக் கூடாது என்பது அவர் கொள்கை. ஐசக் சிறைக்குப் போனதும், அந்தக் கொள்கையால் அடுப்பு எரியவில்லை. ஓரகத்தியோடு சேர்ந்து கிம்ச்சி போட்டு, ரயில் நிலையம் அருகே வண்டியில் வைத்துக் கூவி விற்கிறாள் சுன்ஜா. பெண்ணாகப் பிறந்தால் கஷ்டப்படத்தான் வேண்டும் என்று இந்த நாவலில் பெண்களே பெண்களிடம் சொல்கிறார்கள். அதைக் கேட்டபடியேதான் அவள் குடும்பத்தை நிமிர்த்துகிறாள்.

பிறந்த மண்ணிலேயே வெளிநாட்டவர்

1945-ல் ஜப்பானின் ஆட்சியிலிருந்து கொரியா விடுபட்ட பிறகும், லட்சக்கணக்கான கொரியர்கள் ஜப்பானிலேயே தங்கினார்கள். 1952-ல் அவர்களின் ஜப்பான் குடியுரிமை பறிபோனது. அங்கேயே பிறந்த பிள்ளைகளும் வெளிநாட்டவராகப் பதிவு செய்து, கைரேகை கொடுக்க வேண்டும். நாவலில் சுன்ஜாவின் பேரன் சாலமன், 14 வயதில் அப்படிப் போய் நிற்கிறான். அவன் அப்பா பிறந்ததும் ஜப்பானில்தான்! நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு இந்தக் கைரேகை விதி 1993-ல்தான் நீங்கியது.

பலர் பிழைப்புக்காக ஜப்பானியப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் கிம்ச்சிக் காசில் வளர்ந்த மூத்த மகன் நோவா, கொரியன் என்பதையே மறைத்து வேறு ஊரில் வாழப் போகிறான். அரசாங்கம் எடுத்த கைரேகையைவிட, சுன்ஜாவுக்கு வலிப்பது இதுதான். இளையவன் மொசாசு, பச்சிங்கோ சூதாட்டக் கூடத்தில் வேலைக்குச் சேர்கிறான். மற்ற கதவுகள் மூடியிருந்த கொரியர்கள் பலருக்குத் திறந்திருந்த கதவு அது.

மின் ஜின் லீயும் புலம்பெயர்ந்தவரே. சியோலில் பிறந்து, 7 வயதில் குடும்பத்தோடு நியூயார்க் போனவர். டோக்கியோவில் வசித்தபோது ஜப்பான் கொரியர்களைச் சந்தித்துப் பேசினார். ஏற்கெனவே எழுதியிருந்ததை ஒதுக்கிவிட்டு, புதிதாக எழுதினார்.

இன்றைய தெரு

இப்போது இங்கே கே-பாப் பொருள்களும் அழகுசாதனங்களும் வாங்க இளம் ஜப்பானியப் பெண்கள் திரள்கிறார்கள். நாவலில் பள்ளிப் பிள்ளைகள் எந்தப் பூண்டு வாசனையைக் கேலி செய்தார்களோ, அதே வாசனைக்காகக் கடைகளில் கூட்டம். 2023-ல் இப்பகுதியின் வரலாற்றைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

ஒசாகா போகிறவர்கள் செல்ஃபி முடிந்ததும் அங்கேயும் எட்டிப்பாருங்கள். போக முடியாதவர்களுக்கு நாவல் இருக்கிறது. தொடரைப் பார்த்தவர்களும் படிக்கலாம், சுன்ஜாவை இன்னும் நெருக்கமாகத் தெரிந்துகொள்வீர்கள்.