பிரித்தவள் நான்தான்

என் பேரனின் கம்பளிப் போர்வையை எங்கள் குடும்பமே சேர்ந்து பின்னியதாக எல்லோரும் நம்பினார்கள். அது பொய். முழுக்கப் பின்னியவள் நான். மற்றவர்கள் பின்னியதையெல்லாம் அவர்களுக்குத் தெரியாமல் பிரித்தேன். அதே நூலில் மறுபடி பின்னினேன். கேட்டபோது மறைத்தேன்.

நாங்கள் குன்னூர்க்காரர்கள். குளிர் ஊர். நான் பள்ளியில் கன்னியாஸ்திரீகளிடம் பின்னல் கற்றவள். "உன் கைக்கு ஈடு உண்டா?" என்று உறவில் பலர் சொல்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தது என் கர்வம்.

மகள் மாசமாக இருந்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள். "எல்லாரோட கையும் குழந்தை போர்வைல படணும்மா." எண்ணம் அவளுடையது. கணக்கு மட்டும் என்னுடையது. 6 அங்குலச் சதுரங்கள் 30. எட்டாம் நம்பர் ஊசியில் 32 கண்ணி, 64 வரிசை. எல்லா வரிசையும் நேர்ப் பின்னல். புதிதாகப் பழகுகிறவர்களுக்கும் கை வரும், ஓரமும் சுருளாது. ஓட்டை விட்ட பூவேலை வேண்டாம் என்றேன், குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு நிறம். மாமியாரான அத்தைக்கு மஞ்சள், கணவருக்கு நீலம், நாத்தனாருக்குப் பச்சை, எனக்கு வெள்ளை.

கணவர் நூலை இறுக்கி இழுப்பார். அவருடைய சதுரம் ஐந்தரை அங்குலத்தில் நின்றது. நாத்தனாருக்கு ஓரத்தில் கண்ணி தானாகக் கூடியது. 32-ல் தொடங்கியது 36-ல் முடிந்தது. அத்தைக்குக் கை நடுக்கம். அவர் பின்னல் தளர்ந்து, சதுரம் பெரிதாகிப்போனது. நடுவில் ஒரு கண்ணி நழுவிக் கீழே வரை இறங்கியிருந்தது.

அளவு சேராவிட்டால் இணைக்க முடியாது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. கம்பளியை நனைத்து, ஊசி குத்தி அளவுக்கு இழுத்துக் காயவைத்தால் பெருமளவு சரியாகும். மீதியைக் குரோஷாவில் ஓரம் கட்டிச் சமன் செய்யலாம். நழுவிய கண்ணியைக் கொக்கி ஊசியால் ஏற்றிவிடலாம். இத்தனையும் எனக்குத் தெரியும். செய்யவில்லை. கோணல் சதுரம் ஒன்று என் வெள்ளைச் சதுரத்துக்குப் பக்கத்தில் இருப்பதை என்னால் சகிக்க முடியவில்லை. உண்மை அவ்வளவுதான்.

எல்லோரும் தூங்கிய பிறகு பிரித்தேன். அத்தை பல மாலைகள் ஜன்னலோரம் உட்கார்ந்து பின்னியது. இழுத்த இழுப்பில் வந்துவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு வருத்தமில்லை. நிம்மதியாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

பின்னிப் பிரித்த நூல் நெளிநெளியாக நிற்கும். அப்படியே மறுபடி பின்னினால் கண்ணிகள் மேடு பள்ளமாகும். சிட்டமாகச் சுற்றி நனைத்துக் காயப்போட வேண்டும். மஞ்சள் சிட்டத்தைக் கொல்லைக் கொடியில் போட்டேன். காலையில் எடுக்க மறந்தேன்.

அத்தை பார்த்துவிட்டார். நூலைத் தொட்டுப் பார்த்தபடி நின்றார்.

"ஏம்மா, மஞ்சள்ல மிச்சம் இருந்துச்சா?"

"ஆமா அத்தை. மிச்சம்தான்."

மிஞ்சின நூல் நெளியாது. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். "சரிம்மா" என்றார். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பயந்தேன். அவர் மேலே எதுவும் கேட்காததைச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

பெயர் சூட்டிய அன்று போர்வை கை மாறிக் கை போனது. "மாமியார் போட்டதுக்கும் மருமக போட்டதுக்கும் வித்தியாசமே தெரியலையே" என்றார்கள். அத்தை சிரித்தார். நானும் சிரித்தேன். மறு வாரம் ஊசிகளைத் திருப்பிக் கொடுத்தார். கண் சரியாகத் தெரியவில்லை என்றார். அதற்குப் பிறகும் தினம் பேப்பர் படித்தார். மறு வருஷம் போய்விட்டார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

பேரன் இப்போது பள்ளிக்குப் போகிறான். மஞ்சள் சதுரத்தைக் காட்டி, "இது கொள்ளுப்பாட்டி போட்டது" என்று வருகிறவர்களிடம் சொல்கிறான். கொள்ளுப்பாட்டி அவனுக்கென்று பின்னியதில் ஒரு கண்ணிகூட அவனிடம் இல்லை. இல்லாமல் செய்தவள் நான்.

அதைக் கேட்கக் கேட்கத் தாங்காமல்தான் வீட்டில் சொன்னேன். நாத்தனார் எதுவும் பேசாமல் போனை வைத்துவிட்டார். கணவர் தன் நீலச் சதுரங்களைப் பற்றி நண்பர்களிடம் பெருமை பேசுவார். இப்போது பேசுவதில்லை. மகள், "பாட்டி போட்டது ஒண்ணாவது மிச்சம் வச்சியாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்போ அவன்கிட்ட நீயே சொல்லு" என்றாள்.

இன்னும் சொல்லவில்லை. அவன் சின்னப் பிள்ளை, புரியாது என்று காரணம் வைத்திருக்கிறேன். அளவு சேராது என்று அன்று சொன்ன காரணத்தைப் போன்றதுதான் இதுவும்.