கேட்கு முன்பே தீர்ப்புச் சொன்னோம்



கடந்த தவணை முடிவில் முன்னேற்ற அறிக்கைகளை அச்சிட வேண்டிய நாள். எங்கள் கணினி அறையில் உள்ள லினக்ஸ் கணினியில் புள்ளிகளைத் தொகுக்கும் மென்பொருளைத் திறந்தோம். "காத்திருக்கவும்" என்று காட்டியபடி அப்படியே நின்றுவிட்டது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

முதல்நாள் பின்னேரம் அந்தக் கணினியில் கடைசியாக இருந்தவன் தரம் 11 மாணவன் ஒருவன். "அவன்தான் எதையோ நோண்டியிருக்கிறான்" என்று ஆசிரியர் அறையிலேயே முடிவெடுத்துவிட்டோம். பெற்றாரை அழைப்பிப்பது வரை பேச்சுப் போனது.

எங்களில் தகவல் தொழினுட்பம் கற்பிப்பவர் மட்டும், "மென்பொருள் இன்னும் ஓடிக்கொண்டுதானே இருக்கு, முதலில் அதையே கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

லினக்ஸில் ஸ்ட்ரேஸ் என்றொரு கருவி இருக்கிறது. 1991இல் சன் கணினிகளுக்காக எழுதப்பட்டு, பிறகு லினக்ஸுக்கு வந்தது. எந்த மென்பொருளும் தானாகப் போய் ஒரு கோப்பைத் திறக்க முடியாது. அலுமாரிச் சாவி பாடசாலை அலுவலகத்தில் இருப்பதுபோல, திறக்க, வாசிக்க, எழுத என்று ஒவ்வொன்றுக்கும் கேர்னலிடம் கேட்க வேண்டும். அந்தக் கோரிக்கைகளையும் கேர்னல் சொல்லும் பதில்களையும் ஸ்ட்ரேஸ் வரிவரியாகக் காட்டும். மென்பொருளை மூடத் தேவையில்லை. நிர்வாகி உரிமையோடு அதன் ப்ரோசஸ் இலக்கத்தைக் கொடுத்தால் போதும்.

கொடுத்தோம். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. முதலில் 'ஓபன்அட்', அதாவது திறந்து தா. அடுத்து ஒரு கோப்புறையின் பெயர். கடைசியில் 'ஈநோஎன்ட்', அப்படி ஒன்று இல்லை. அனுமதிப் பிரச்சினை என்றால் 'ஈஅக்சஸ்' என்று வந்திருக்கும்.

இல்லாத அந்தக் கோப்புறைக்கு முந்தின வாரம் பெயரை மாற்றியது யார்? "ஒழுங்குபடுத்துகிறோம்" என்று சொல்லி நாங்களேதான். அதன்பின் மென்பொருளை யாரும் திறந்து பார்க்கவில்லை.

பழைய பெயரையே வைத்தோம். சில விநாடிகளில் வேலை தொடங்கியது. அறிக்கைகள் அன்றே அச்சாகின.

ஆனால் கதை அந்தப் பிள்ளையின் காதுக்கும் போயிருந்தது. மறுநாள் அழைத்து மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சேர்" என்றான்.

ஒரு கட்டளையில் தெரிந்திருக்க வேண்டிய விடயம். கோப்புறைக்குப் பழைய பெயரைத் திருப்பி வைக்க எங்களுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை இன்றும் அந்தக் கணினிக்கு முன்னால் உட்காரத் தயங்குகிறான்.